கர்ப்பிணியின் தலையில் கட்டப்படும் பழி

குழந்தை எடை குறைவாகப் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் முதல் விசாரணை பெற்றவளிடம்தான் நடக்கும். ‘வேளாவேளைக்கு ஆக்கிப் போட்டோம், இவ ஒழுங்கா சாப்பிட்டாத்தானே’, ‘எந்நேரமும் எதையாவது நெனச்சு அழுதுக்கிட்டே இருந்தா புள்ள எப்படித் தேறும்’ என்பார்கள். படித்த வீட்டில் அதையே ‘ஸ்ட்ரெஸ் எடுத்துக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்’ என்பார்கள். தையல்கூட ஆறாத பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். கணவரிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

கர்ப்ப காலத்தில் புகையும் மன அழுத்தமும் பிறக்கப்போகும் குழந்தையைப் பாதிக்கும் என்பது மருத்துவம் உறுதிசெய்த உண்மை. அந்த உண்மை நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு தவறான நம்பிக்கைகளாகத் திரிந்துவிட்டது. நம் பெண்கள் சிகரெட் பிடிப்பதில்லை, ஆகவே புகை நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பது முதலாவது. மன அழுத்தம் கர்ப்பிணியின் மனசைப் பொறுத்தது, அவள் சந்தோஷமாக இருக்கப் பழகிக்கொண்டால் தீர்ந்துவிடும் என்பது இரண்டாவது. சீரியல் வசனத்திலிருந்து யூடியூப் ஆலோசகர்கள் வரை இந்த இரண்டையும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் தவறு. தீங்கு செய்கிறவர்களைத் தப்பவிட்டு, அதைச் சுமக்கிறவளைத் தண்டிக்கிற நம்பிக்கைகள் இவை.

முதலில் புகைக்கு வருவோம். 2016-17இல் நடந்த உலகப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் புகைபிடிப்பவர்கள் 2 சதவீதம்தான். ‘நம் கலாச்சாரம்’ என்று பெருமைப்படுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே கணக்கெடுப்பின் மற்ற எண்களையும் படிக்க வேண்டும். புகைபிடிக்கும் ஆண்கள் 19 சதவீதம். புகையில்லாப் புகையிலையை வாயில் போடும் பெண்கள் 12.8 சதவீதம். வீட்டுக்குள்ளேயே அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கும் பெரியவர்கள் 38.7 சதவீதம். கர்ப்பிணி பற்றவைக்காத சிகரெட்டின் புகையும் அவள் நுரையீரலுக்குள்தான் போகிறது.

உள்ளே போன புகை என்ன செய்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. நிக்கோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. கருப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிற ரத்தம் குறைகிறது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிசுவின் ரத்தம் இந்த வாயுவைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் தாயிடம் இருப்பதைவிட அதிக அளவு குழந்தையிடம் சேர்கிறது. நிக்கோட்டினும் நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும். அதன் எச்சத்தைத் தொப்புள்கொடி ரத்தத்திலும், பிறந்த குழந்தையின் சிறுநீரிலும் அளந்து காட்டியிருக்கிறார்கள். சிகரெட்டைப் பற்றவைத்தது புருஷனா, மாமனாரா, பக்கத்து மேசைக்காரரா என்று நஞ்சுக்கொடி பிரித்துப் பார்ப்பதில்லை.

கர்ப்ப காலம் முழுவதும் தானே புகைபிடிக்கும் தாயின் குழந்தை சராசரியாக 200 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறக்கிறது. அடுத்தவர் புகையைச் சுவாசிக்கும் தாயின் குழந்தைக்கு இந்த இழப்பு 33 கிராமோ அதற்கு மேலோ இருக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ‘முப்பது கிராமுக்கா இத்தனை கூச்சல்’ என்று கேட்பவர்கள் உண்டு. சராசரி என்பது பலருக்கு ஒன்றுமே ஆகாமல் சிலருக்கு நிறைய ஆனதையும் சேர்த்துப் போடும் கணக்கு. எடை குறைந்த குழந்தை என்பதற்கு மருத்துவம் வைத்திருக்கும் கோடு 2,500 கிராம். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 18 சதவீதம் ஏற்கெனவே அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதாக 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் குழந்தைகள் இன்னும் ஏராளம். மூன்றரைக் கிலோ குழந்தை பிறக்கும் நாட்டில் 33 கிராமை அலட்சியப்படுத்தலாம், இங்கே முடியாது.

சுற்றியிருப்பவர்களின் புகையைத் தடுத்தால் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்பதற்குக் கண்முன்னே சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்கள் அனைத்திலும் புகைக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு குறைமாதப் பிரசவங்கள் சுமார் 10 சதவீதம் குறைந்தன. புகைபிடிக்காத தாய்மாரிடமும் இந்தக் குறைவு தெரிந்தது. பல நாடுகளின் தடைச் சட்டங்களைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் சொன்னது. அது கர்ப்பிணிகளை உட்காரவைத்துச் சொன்ன அறிவுரையின் பலன் அல்ல. சுற்றியிருந்தவர்களின் புகையை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். நம் நாட்டிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பத்துக்குப் பத்து அறையில் ஒருவர் பீடி குடித்தால் அதே அறையில் படுத்திருக்கும் ஏழுமாதக் கர்ப்பிணி எங்கே போவாள்?

அடுத்தது மெல்லும் புகையிலை. ‘புகையே இல்லையே, இதில் என்ன கெடுதல்’ என்ற கேள்வி கிராமத்தில் மட்டும் கேட்பதில்லை. மும்பையில் 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அங்கே பெண்கள் பற்களிலும் ஈறிலும் தேய்க்கும் மிஷ்ரி, வறுத்துப் பொடித்த புகையிலை. இப்படிப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும், 6 நாள் முன்னதாகவும் பிறந்தன. வெற்றிலையோடு கிள்ளிப் போடும் நம்மூர்ப் புகையிலையிலும் கடைவாயில் ஒதுக்கும் பாக்கெட் தூளிலும் இருப்பது அதே நிக்கோட்டின்தான். மசக்கைக் குமட்டலுக்கு ‘ஒரு துண்டு போயிலை போட்டுக்கோ, அடங்கிடும்’ என்று பிரியத்தோடு எடுத்துக் கொடுக்கும் பெரியம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புகையிலையைப் பிடிக்காமலும் மெல்லாமலும் நாள் முழுக்க அதோடு வாழும் பெண்களை நம் விவாதங்கள் அறவே மறந்துவிடுகின்றன. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். திண்ணையில் முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி, மடியில் தட்டோடு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். நனைத்து வெட்டிய இலையில் ஒரு சிட்டிகைத் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போட அதிக நேரம் ஆகாது. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. எட்டுமாத வயிறு தட்டை முன்னே தள்ளினாலும் கை நிற்காது. தூள் காற்றில் பறக்கும், விரல் நுனியில் கறுத்துப் படியும், சேலை மடிப்பில் ஒட்டியிருக்கும். அந்தக் கையாலேயே சோறு பிசைவார்கள், மூத்த குழந்தைக்கு ஊட்டுவார்கள். இந்தப் பெண்ணிடம் போய் ‘கர்ப்ப காலத்தில் புகையிலையைத் தவிருங்கள்’ என்று துண்டறிக்கை கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? அவளுக்குத் தேவை வேலையை நிறுத்திவைக்கும் மாதங்களுக்கான கூலி. அதைக் கொடுக்காத எவருக்கும் அவளுக்கு அறிவுரை சொல்லும் தகுதி இல்லை.

விறகடுப்புப் புகையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். அதில் என் வாதத்துக்குச் சாதகமில்லாத முடிவு ஒன்று வந்திருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாகச் சுமார் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்குக் கேஸ் அடுப்பும் இலவச எரிவாயுவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கர்ப்பம் தரித்து இரண்டு மாதமாவது கடந்த பிறகுதான் அடுப்பு கைக்கு வந்தது என்பது உண்மை. ஆனாலும் ஒருத்தியின் சமையலறையை மட்டும் மாற்றிவிட்டு விளைவை எதிர்பார்ப்பது போதாது என்றுதான் நான் இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

இனி எதிர்த்தரப்பின் பழைய ஆயுதங்கள். ‘எங்க பாட்டி வெத்தல போயிலையோட பத்துப் புள்ள பெத்தா, எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு.’ பாட்டி பெற்றதில் தங்கியது எத்தனை என்று கேளுங்கள். 1951இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் அது 13. பிழைத்தவர்கள்தான் இன்று பாட்டி பெருமை பேசுகிறார்கள். மண்ணுக்குள் போனவர்களுக்குப் பேச வழியில்லை.

இன்னொன்று, ‘சின்னப் புள்ளையா இருந்தா சுகப்பிரசவம் ஆயிடும், வெளிய வந்தப்புறம் தேத்திக்கலாம்’ என்பது. எடை குறைந்த குழந்தைக்கு உடம்புச் சூடு நிற்காது, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும், உறிஞ்சிப் பாலருந்தத் தெம்பு இருக்காது, கிருமித்தொற்று எளிதில் பற்றும். முதல் 28 நாளில் சாகும் குழந்தைகளில் பெரும்பாலானவை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்தவைதான். பிரசவ நேரத்தின் சில மணி நேர வலியைக் குறைக்க இந்த விலையா? இந்தப் பேச்சை நம்பிக் கடைசி மாதங்களில் வயிற்றைக் காயப்போடும் பெண்களும் இருக்கிறார்கள். மனம் பதைக்கிறது.

இதே வாதத்துக்கு ஒரு காலத்தில் பேராசிரியர் ஒருவரின் ஆதரவும் கிடைத்தது. அமெரிக்காவின் பெர்க்லியைச் சேர்ந்த ஜேக்கப் யெருஷால்மி 1971இல் ஒரு விந்தையை எடுத்துக்காட்டினார். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குள், புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் பிழைக்கின்றனவாம். ஆகவே புகையைக் குற்றவாளியாக்க முடியாது என்றார். விந்தைக்கு விடை எளிது. தாய் புகைபிடிக்காமலே குழந்தை எடை குறைந்திருந்தால் அதற்குப் பிறவிக் கோளாறு போன்ற கொடிய காரணம் ஏதோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் புகையால் சிறுத்த குழந்தை தேவலை என்று தோன்றும். பிறந்த எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் புகைபிடிப்பவர்களின் குழந்தைகளே அதிகம் இறக்கின்றன. மேரிலாந்தில் புகைபிடிக்கும் கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் விடுபட உதவி செய்து பார்த்தார்கள். 1984இல் வந்த முடிவில், உதவி பெற்றவர்களின் குழந்தைகள் சராசரியாக 92 கிராம் கூடுதல் எடையோடு பிறந்திருந்தன. அதோடு அந்த வாதம் தீர்ந்தது.

மன அழுத்தத்தைப் பற்றிய நம்பிக்கைதான் இதைவிட ஆழமாக வேரோடியிருக்கிறது. வயிற்றுக்குள்ளிருந்தே கேட்டுக் கற்ற பிரகலாதனையும் அபிமன்யுவையும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதனால் தாயின் மனசில் ஓடுவதெல்லாம் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்று எளிதில் நம்பிவிடுகிறோம். செக்கப்புக்குப் போனால் ‘ஏம்மா, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? மனச சந்தோஷமா வச்சுக்கோ’ என்கிறார்கள். வீட்டில் நல்ல பாட்டு, நல்ல படம், நல்ல நினைப்பு என்று பட்டியல் போடுகிறார்கள். அன்போடு சொல்வதுதான். ஆனால் சொல்லி முடித்ததும் பொறுப்பு முழுவதும் அவள் தலையில் ஏறிவிடுகிறது.

ஆய்வுகள் காட்டுவது வேறு. சிலி நாட்டின் தாராபாகாவில் 2005 ஜூன் 13 அன்று பெரும் நிலநடுக்கம் வந்தது. அந்த நேரத்தில் முதல் மூன்று மாதத்துக்குள் இருந்த கர்ப்பிணிகளின் குழந்தைகள் சராசரியாக 51 கிராம் எடை குறைந்து பிறந்தன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சிற்றூரின் இறைச்சி ஆலைக்குள் 2008 மே 12 அன்று குடியேற்றத் துறையினர் புகுந்து கிட்டத்தட்ட 400 தொழிலாளர்களைப் பிடித்துப் போனார்கள். அதன்பின் அந்த மாநிலம் முழுக்க லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து முந்தைய ஆண்டைவிட 24 சதவீதம் கூடியது. முறையான குடியுரிமையோடு அங்கேயே பிறந்த பெண்களும் இதில் அடக்கம். நிலம் நடுங்கியதற்கும் அதிகாரிகள் புகுந்ததற்கும் அந்தப் பெண்களின் மனப்போக்கா காரணம்? நல்ல பாட்டுக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பார்களா?

உடம்பு இதை எப்படிக் கடத்துகிறது என்பதும் ஓரளவு தெரியும். ஆபத்து நேரும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் ஏறும். அது அப்படியே குழந்தையிடம் போய்விடாமல் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்க வைக்கிறது. இந்தக் காவலைப் பற்றி எந்த ஆலோசகரும் பேசுவதில்லை, நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒருநாள் அழுகை, புருஷனோடு ஒரு சண்டை, ஆபீஸில் ஒரு வாக்குவாதம் இவற்றால் குழந்தை கெட்டுவிடும் என்பதற்குச் சான்று கிடையாது. ‘அன்னைக்கு அழுதேனே, அதனாலதானோ’ என்று வருஷக்கணக்காக மருகும் அம்மாக்களே, அதனால் இல்லை. பெரும் அதிர்ச்சியும், மாதக்கணக்கில் விடாது நீடிக்கும் நெருக்கடியும்தான் அந்தக் காவலைப் பலவீனப்படுத்துகின்றன, குறைமாதப் பிரசவத்தின் ஆபத்தைக் கூட்டுகின்றன.

அந்த நெருக்கடிகள் எங்கிருந்து வருகின்றன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாகச் சொன்னார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பது எல்லா வீட்டிலும் கையை நிறுத்திவிடுவதில்லை. குழுக்கடன் தவணைக்காரர் வாரம் தவறாமல் வாசலில் வந்து உட்காருகிறார். பணம் எண்ணி வைக்கும்வரை எழுந்திருக்கமாட்டார். கூடவே அக்கம்பக்கத்துக் குழுப் பெண்களும் நிற்பார்கள். முதலாவது பெண்ணாக இருந்தால் ‘இதாவது பையனா இருக்கணும்’ என்ற பேச்சு ஒன்பது மாதமும் காதில் விழும். புருஷன் டாஸ்மாக்கிலிருந்து எந்த நிலையில் வருவான் என்று கதவைப் பார்த்தபடியே சில பெண்களின் ராத்திரிகள் கழிகின்றன. இவளிடம் போய் மூச்சுப்பயிற்சி செய் என்கிறோம்.

வேலைக்குப் போகிறவளின் நிலைமையையும் பாருங்கள். 2017இல் திருத்தப்பட்ட சட்டம் சம்பளத்தோடு 26 வார விடுப்பைக் கொண்டுவந்தது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் வயலிலும் செங்கல் சூளையிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்களை அது எட்டுவதில்லை. அவர்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி இருக்கிறது. இந்தியாவுக்கே முன்னோடியான திட்டம், 1987இல் தொடங்கியது. 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது, அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. தவணை தவணையாகக் கைக்கு வரும் இந்தத் தொகையை நம்பி எத்தனை மாதம் அவள் கூலிக்குப் போகாமல் இருக்க முடியும்? குறைந்தபட்சக் கூலியின் கணக்கில் ஆறு மாதத்துக்கு ஈடாக இந்தத் தொகை உயர வேண்டும். சமுதாய வளைகாப்பு நடத்தி வளையல் போடும் அரசுக்கு இதையும் செய்ய மனம் வர வேண்டும்.

‘அப்படியானால் பெண்ணுக்குப் பொறுப்பே இல்லையா’ என்று கேட்கலாம். புகைபிடிக்கும் பெண் நிறுத்தத்தான் வேண்டும், மெல்லுகிறவளும் விடத்தான் வேண்டும். ஆனால் திட்டி நிறுத்தவைக்க முடியாது என்பதைப் பெண்கள் அதிகம் புகைபிடிக்கும் நாடுகள் கற்றுக்கொண்டுவிட்டன. பிரிட்டனில் ஏழைத் தாய்மாரிடையே ஆய்வு செய்த ஹிலாரி கிரஹாம் 1993இல் வெளியிட்ட நூலில், நாள் முழுக்க மற்றவர்களுக்கு உழைக்கும் அந்தப் பெண்களுக்குத் தமக்கென்று கிடைக்கும் சில நிமிடங்கள் அந்த சிகரெட்தான் என்று காட்டினார். நெருக்கடியே புகையைக் கொண்டுவருகிறது. இரண்டையும் பிரித்து இரண்டு அறிவுரையாகச் சொல்வதில் பயனில்லை. கிளாஸ்கோ நகரில் புகைபிடிக்கும் கர்ப்பிணிகளில் ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை தந்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதோடு, விட்டுவிட்டால் மொத்தம் 400 பவுண்டு வரை கடைக் கூப்பனும் தருவதாகச் சொன்னார்கள். 2015இல் வெளியான முடிவின்படி ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 8.6 சதவீதமும், கூப்பனும் பெற்றவர்களில் 22.5 சதவீதமும் விட்டிருந்தார்கள். பணம் கைக்கு வந்தபோது நல்லுரையால் ஆகாதது நடந்தது.

ஆகவே கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் என் வேண்டுகோள்: கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் அன்றைக்கே கணவரையும் வரவழையுங்கள். வீட்டில் யார் புகைபிடிக்கிறார்கள், யார் குடிக்கிறார்கள், கடன் எவ்வளவு, அடி விழுகிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் அவளைத் தனியாக வைத்துக் கேளுங்கள். பதில் ஆமாம் என்றால் 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும்: பேரனோ பேத்தியோ எடை குறைந்து பிறந்தால் பெற்றவளை விசாரிக்காதீர்கள், அவளுக்கு ஒரு வாய் சூடாகக் கொடுத்துவிட்டு உங்கள் மகனை விசாரியுங்கள்.

அப்பாவாகப் போகிறவர்களுக்கு: வாசலுக்குப் போய்ப் புகைபிடித்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சட்டையிலும் மூச்சிலும் ஒட்டிக்கொண்டு அது உள்ளே வருகிறது. ஒரேயடியாக விட்டுவிடுங்கள். விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச உதவி எண் அது, 2018 முதல் சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சாகி வருகிறது.